கோஸ் பாத்தியில் மஞ்சள் பஞ்சு

சாந்தம்மாளின் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிற்பாடு அவள் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, இப்படியும் ஒரு பொம்பளையா என்று நீங்கள் சிரித்துவிடுவீர்கள். சிரிக்கிற விஷயம் இல்லை அது.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கல்யாணமாகி வந்த கையோடு கொழுந்து கிள்ளப் போனவள் அவள். ஓய்வு பெறுகிற வரைக்கும் அதே வேலை. செடி மேல் அவள் கை போகும்போது கண் கூடப் போகாது. கண் பக்கத்து வரிசைக்காரியின் புதுத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், கை மட்டும் தன்பாட்டுக்குக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டே இருக்கும். முற்றின இலை ஒன்று தப்பித் தவறிக்கூட உள்ளே விழாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் சூப்பர்வைசர், "அந்த அக்காவப் பாக்காத, அக்கா கையப் பாரு" என்பார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே.

ஓய்வு கிடைத்தும் கை சும்மா இருக்கவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த கோஸ் பாத்தியைப் புருஷன் சின்னமுத்துவிடமிருந்து பிடுங்கித் தன் வசம் வைத்துக்கொண்டாள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். பின்பக்கத்து நிலமும் அப்படித்தான். அவள் பாத்திக்கும் அடுத்த வீட்டு ராமலட்சுமி பாத்திக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரிசை, அவ்வளவுதான்.

பாத்தியைப் பிடுங்கியதற்குக் காரணம் இருந்தது. சின்னமுத்து எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். மிச்ச மருந்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வீட்டுக் கோஸுக்கும் அடிப்பார். புழு செத்து விழும், கோஸ் பளபளவென்று நிற்கும், அவருக்கும் பெருமையாக இருக்கும். அந்தக் கோஸைத்தான் மகள் கற்பகம், முதல் பிள்ளையைச் சுமந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது வயிறாரச் சாப்பிட்டாள். அந்தப் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. மருந்தால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. மருந்தால் இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இப்போது கற்பகம் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். குமுளியில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் அவளுக்கு வேலை. மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். எது தின்றாலும் குமட்டல், ஆறாம் மாதம் ஆகியும் நிற்கவில்லை. கண்ணைச் சுற்றிக் கருவளையம், கழுத்தெலும்பு தெரிகிறது. ஒரு நாள் போனில் கேட்டாள்: "அம்மா, உன் கையால கோஸ் பொரியல் தின்னணும்போல இருக்கு. மருந்து அடிக்காததா இருந்தா."

"மாரியம்மன் மேல ஆணையா ஒரு சொட்டு படாம வளத்துத் தாரேன்டி" என்றாள் சாந்தம்மாள்.

சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடுவதற்குள் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் வந்துவிட்டன. பார்க்க என்னமோ அழகுதான். அது உட்கார்ந்து எழுந்த இலையில் மஞ்சளாகப் பொடி முட்டை, முட்டைக்குப் பின்னால் பச்சைப் புழு. புழு தின்கிற சத்தம் கேட்காது என்று யார் சொன்னது? விடிகாலையில் பாத்தி ஓரம் குனிந்து நின்றால் சாந்தம்மாளுக்குக் கேட்டது.

கவலை என்ன, கை இருக்கிறதே. பழைய கொழுந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். கை கோஸ் இலைகளின் மேலேயும் அடியிலேயும் ஓடி ஓடிப் புழுவைக் கிள்ளிப் பையில் போட்டது. புழு மட்டுமா? இலைக்கு அடியில் மஞ்சள் பஞ்சை உருட்டி ஒட்டினாற்போல் சில கொத்துகள் இருந்தன. பட்டாம்பூச்சி முட்டை மஞ்சள் என்று அவளுக்குத் தெரியும். இதுவும் மஞ்சள். ஆக, இது பெரிய முட்டை, நாளைக்குப் பெரிய புழுவாக வரப்போவது என்று முடிவு கட்டினாள். கை அதையும் விடாமல் சுரண்டி எடுத்தது. எல்லாம் போய் அடுப்பில் கொதித்த வெந்நீரில் விழுந்தன. பாத்தி துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. இடுப்பில் கை வைத்து நின்று பார்த்து அவளே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த தரம் புழு இரண்டு பங்காக வந்தது. அவளும் இரண்டு பங்காகக் கிள்ளினாள். அதற்கடுத்த தரம் வந்ததைச் சொல்லி முடியாது. இலை வலைபோல் ஆகிவிட்டது. அவள் சுத்தம் பண்ணப் பண்ண, எங்கிருந்தோ ஆள் திரட்டிக்கொண்டு வந்தாற்போல் வந்தன. இடுப்பு விட்டுப் போயிற்று, ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கல்வரிசைக்கு அந்தப் பக்கம் ராமலட்சுமியின் கோஸ் கிண்ணென்று நின்றது. ராமலட்சுமி குமுளியில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவள். காலை பஸ்ஸுக்கு ஓடினால் இருட்டித்தான் வருவாள். பாத்தியில் களை இடுப்பளவு. தண்ணீர்கூட மழை விட்ட வழி. அந்தச் சோம்பேறிப் பாத்தியில் இங்கொன்றும் அங்கொன்றுமாய் ஓட்டை, மற்றபடி நல்ல உருண்டை கோஸ்.

ஞாயிற்றுக்கிழமை ராமலட்சுமி துணி காயப்போட வந்தபோது சாந்தம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏ ராமலட்சுமி, உள்ளதச் சொல்லு. என்னத்த அடிக்க?"

"யார அடிக்கேன்? எம் புருசனயா? ஆசதான், நேரம் இல்லயே அக்கா."

"வெளையாடாத. கோஸுக்கு என்ன மருந்து அடிக்கன்னு கேக்கேன். எனக்குத் தெரியாம அடிக்க. இல்லாட்டி இப்படி நிக்குமா?"

ராமலட்சுமிக்கு முகம் சுருங்கியது. "கற்பகத்துக்கு ஆனதுக்கப்புறம் இந்தக் கல்லு வரிசைக்கு இந்தப் பக்கம் நான் மருந்தத் தொடுவேனாக்கா? நட்டேன், விட்டேன். அம்புட்டுத்தான் நான் பண்ணுனது."

சாந்தம்மாள் நம்பவில்லை. ஒன்றும் பண்ணாமல் ஒன்று விளையும் என்பதை அவள் எந்தக் காலத்திலும் நம்பினவள் இல்லை.

கற்பகம் லீவு போட்டுவிட்டு வரப்போகிறாள் என்று சேதி வந்தது. அன்று மத்தியானம் சின்னமுத்து பரணிலிருந்து மருந்தடிக்கிற பம்பை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பழைய பாட்டில். சாந்தம்மாள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு? எறிஞ்சிட்டேன்னீகளே."

"எறியல." அவர் நிமிரவில்லை. இருமல் வந்து போனது. "புள்ள ஆசப்பட்டுக் கேட்ட ஒரே சாமான் இது. வாறப்ப பாத்தியில என்ன இருக்கும்? நரம்புதான் இருக்கும். லேசா ஒரு அடி அடிச்சா, பெய்யுற மழையில எல்லாம் கழுவிட்டுப் போயிரும்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீக."

சின்னமுத்துவின் கை பம்பின் மேல் அப்படியே நின்றது. அவளுக்கும் ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

உள்ளே இருக்க முடியாமல் பின்னால் வந்தாள். கால் தானாகக் கல்வரிசையைத் தாண்டி ராமலட்சுமியின் பாத்திக்குள் போனது. ஒரு கோஸ் இலையைப் புரட்டினாள். அடியில் மஞ்சள் பஞ்சு. அடுத்ததைப் புரட்டினாள், அதிலும். எந்த இலையைத் தூக்கினாலும் கொத்துக் கொத்தாய் மஞ்சள் பஞ்சு! அட பாவி மகளே, இங்கேயா முட்டை வளர்த்து என் பாத்திக்கு அனுப்புகிறாய் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கள்ளியைக் கையும் களவுமாய்ப் பிடித்த சந்தோஷமும் கூட. கொழுந்துப் பையை எடுத்து வந்தாள். அவள் கையின் வேகத்தைத்தான் சொன்னேனே. பொழுது சாயுமுன் ராமலட்சுமியின் பாத்தியில் ஒரு பஞ்சு மிச்சமில்லை. பை புடைத்துக்கொண்டிருந்தது.

வெந்நீர் வைக்கப் போகிற நேரம், முன்பக்கம் ஜீப் ஹார்ன் கேட்டது. நினைத்ததற்கு முன்பே மகள் வந்துவிட்டாள். பையின் வாயைச் சுருக்கிப் பின்வாசல் ஆணியில் மாட்டிவிட்டு ஓடினாள். மகளைப் பார்த்த பிறகு பை யாருக்கு ஞாபகம்? வயிறு மட்டும் முன்னால் நிற்க, மற்றதெல்லாம் கரைந்து போயிருந்தாள் பெண்.

கற்பகம் வந்த நாட்களில் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் தங்கவில்லை. கோஸ் என்னாச்சு என்று ஒரு தரம் கேட்டாள். "இன்னும் உருளல, இருடி" என்று மழுப்பினாள் சாந்தம்மாள். மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது. மகள் கண்ணில் படாமல் பாத்திக்குப் போய் நின்று, தின்று தீர்த்த இலைகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

பிறகு ஒரு காலை. மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. கற்பகம் பின்வாசல் படியில் வெயில் காய உட்கார்ந்திருந்தாள். சாந்தம்மாள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சின்னமுத்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பாத்திப் பக்கம் வந்தார். முதுகில் பம்பு. மகள் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா அது?" என்றாள் கற்பகம்.

"ஒண்ணுமில்ல தாயி. ஓரத்துல மட்டும் கொஞ்சம்..."

சாந்தம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள். இனி வாயைத் திறந்தால் எத்தனை வருஷத்துப் பேச்சு வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் கற்பகம், "அம்மா, அந்தப் பை என்ன புகையுது?" என்றாள்.

ஆணியில் தொங்கிய பையின் வாயிலிருந்து ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. புகை இல்லை. கறுப்பாகப் பொடிப் பொடியாய், கடுகுக்குச் சிறகு முளைத்தாற்போல் ஏதோ சுருக்கு இடைவெளியில் ஏறி வந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று, சிறகை உதறிவிட்டு வெயிலுக்குள் போனது. ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ண முடியாமல். சாந்தம்மாள் எழுந்து போய்ப் பையின் வாயை விரித்தாள். முகத்துக்கு நேராக ஒரு கூட்டம் எழும்பியது. பையின் அடியில் மஞ்சள் பஞ்சுகள் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு பஞ்சிலும் ஊசியால் குத்தினாற்போல் ஓட்டை, சில ஓட்டைகளில் சின்ன மூடி திறந்து நின்றது.

"முட்டையிலருந்து புழுல்ல வரணும்? ஈ வருதே!" என்றாள்.

"கொசு இனமா இருக்கும். தள்ளு, அடிச்சிருவோம்" என்று சின்னமுத்து பம்பின் பிடியில் கை வைத்தார்.

"பொறுங்கப்பா" என்றாள் கற்பகம். அவள் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பறக்கிறவற்றின் பின்னாலேயே பாத்திக்குப் போனாள். போனை எடுத்து, காமிராவைப் பெரிதாக்கி, ஒரு இலை ஓரமாகக் குனிந்து பிடித்தாள். "அம்மா, இங்க வா. சத்தம் போடாம வா."

மூன்று பேரும் தலையோடு தலை சேர்த்துத் திரையைப் பார்த்தார்கள். இலையில் அப்போதுதான் பொரித்த பொடிப் புழுக்கள். அவற்றின் நடுவே அந்தக் கறுப்புப் பூச்சி இறங்கி நின்றது. குளவியின் இடுப்பு, குளவியின் மீசை. ஆனால் அரிசிக் குருணை அளவுகூட இல்லை. மீசையால் ஒரு புழுவைத் தட்டித் தட்டிப் பார்த்தது. பிறகு வயிற்றை வளைத்து அதன் முதுகில் ஒரு குத்து. புழு துடித்துத் தலையை உதறியது. குளவி அடுத்ததற்குப் போனது. அதற்கு அவசரம் எதுவும் இல்லை, எதையும் தாண்டிப் போகவும் இல்லை. சாந்தம்மாளுக்கு அந்த நடை நன்றாகத் தெரிந்தது. கொழுந்து வரிசையில் அவள் நடந்த நடைதான் அது.

"கொல்லுதா?" என்றார் சின்னமுத்து.

"இல்லப்பா, புழு நடக்குது பாருங்க. என்னமோ உள்ள வைக்குது."

என்ன வைக்கிறது என்று அவர்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே கோஸில், இரண்டு இலை தள்ளி, முற்றின பெரிய புழு ஒன்று அசையாமல் கிடந்தது. கற்பகம் போனை அதன் பக்கம் திருப்பினாள். புழுவின் விலாவில் தோல் புடைத்து நெளிந்தது. நெளிந்த இடம் திறந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. மறு விலாவிலும். ஒவ்வொன்றாய் வெளியே நழுவி, புழுவின் உடம்பை ஒட்டிக்கொண்டே, வாயால் மஞ்சள் நூல் இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தன. வெயில் ஏற ஏற நூல் தடித்தது, வெள்ளை உடம்புகள் மறைந்தன, கடைசியில் அங்கே இருந்தது ஒரு கொத்து மஞ்சள் பஞ்சு.

சாந்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா, கும்பிட வேண்டும் போன்ற நினைப்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. மகளை உள்ளே அனுப்பிவிடலாமா, பிள்ளைத்தாய்ச்சி பார்க்கிற காட்சியா இது என்று அவள் பதறினாள். கற்பகமோ நகரவில்லை. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"இத்தனையும் வெளிய வந்த பொறகும் புழு சாகலம்மா" என்றாள் மெதுவாக. "இங்க பாரு."

கற்பகம் ஒரு புல்லை எடுத்து மஞ்சள் பஞ்சின் பக்கத்தில் கொண்டுபோனாள். உள்ளே எல்லாம் காலியாகித் தோலாய்க் கிடந்த புழு தலையைத் தூக்கிப் புல்லை ஒரு முட்டு முட்டியது. புல்லை எடுத்தாள், தலை தாழ்ந்தது. மறுபடி நீட்டினாள், மறுபடி முட்டியது. தன்னைத் தின்று வந்த குஞ்சுகளுக்கு அது காவல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அப்படித் தோன்றியதா, யாராவது தோன்ற வைத்தார்களா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சாந்தம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. உறைத்ததும் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பாத்தியில் புழு ஏன் பெருகியது, ராமலட்சுமி பாத்தியில் ஏன் பெருகவில்லை, எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. காவல்காரர்களை ஒருத்தர் விடாமல் அவளே பொறுக்கி எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டிருக்கிறாள். வாரா வாரம். மேற்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியின் காவலையும் சுரண்டி வந்திருக்கிறாள். எஸ்டேட்டே மெச்சிய கை செய்த வேலை! கைகளை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தாள்.

"தெரியாமப் போச்சே" என்றாள். "ஒரு நாளாவது நின்னு பாத்துருந்தா தெரிஞ்சிருக்குமே."

சின்னமுத்து பம்பின் வாரை ஒவ்வொரு தோளாய்க் கழற்றினார். நெடுங்காலம் சுமந்தவர், கழற்றும்போது சத்தமே வராது. அன்று கீழே வைக்கும்போது கை தவறித் தகரம் கல்லில் இடித்தது. "மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டு மலை மலையா அடிச்சேன்" என்றார். "அடிக்கிற எடத்துல யாரு யாரு இருக்கான்னு நான் மட்டும் பாத்தேனா?"

அதைச் சொல்லிவிட்டு அவர் மகளைப் பார்க்க முடியாமல், கீழே குந்திக் கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பகம் அவர் பக்கத்தில் வந்து, கீழே உட்கார முடியாததால், அவர் தோளில் கை ஊன்றிக்கொண்டு நின்றாள். பிறகு, "அம்மா, எனக்குப் பசிக்குது" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

சாந்தம்மாள் அரிவாளை எடுத்து வந்தாள். பாத்தியில் ஓரளவு உருண்டிருந்தது ஒரே ஒரு கோஸ், அந்தப் பெரிய புழு காவல் நிற்கிற கோஸ். அவள் அதன் முன்னால் நின்று அரிவாளை ஓங்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் தவித்தாள்.

"அது இருக்கட்டும்மா" என்றாள் கற்பகம். "அடுத்ததப் பாரு."

அடுத்தது பார்க்கச் சகிக்காமல் இருந்தது, சல்லடையாய் ஓட்டை. வெட்டி, மேல் இலைகளை ஒவ்வொன்றாய் உரித்தாள். உரிக்க உரிக்கச் சின்னதாகிக்கொண்டே போனது. ஒன்றுமே மிஞ்சாதோ என்று பயந்தபோது உள்ளே வெள்ளையாய், இறுக்கமாய், ஒரு ஓட்டை இல்லாமல், பிள்ளையின் முஷ்டி அளவுக்கு மிஞ்சியது. கடுகு தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு வதக்கினாள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாள். கொழுந்துப் பையைக் கொண்டுபோய், இரண்டு பாத்திக்கும் நடுவிலுள்ள கல்வரிசையின் மேல் ஒரு குச்சி நட்டு, வாயை அகல விரித்து மாட்டினாள். ராமலட்சுமி வந்ததும் காலைப் பிடிக்காத குறையாய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் சிரிப்பாள், சிரித்துக்கொண்டு போகட்டும்.

கற்பகம் படியில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். சின்னமுத்து பின்சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தினாள். கண்ணை மூடினாள். தலைக்கு மேலே அந்தப் பொடிக் குளவிகள் வெயிலில் போய்க்கொண்டிருந்தன.

அவள் கண்ணைத் திறந்து தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வையி."

சாந்தம்மாள் வைத்தாள். ஒரு முற்றின இலையைக்கூடத் தவறிப் போட்டிராத கை அன்று கரண்டியில் இருந்ததில் பாதியைத் தரையில் சிந்தியது.